நூறு நாள் கோடைக்கு உருளை விதை: மூன்று பாக்கெட், மூன்று ஆண்டு

வாங்கியது உருளைக்கிழங்கு விதை, மூன்று பாக்கெட். விதைக்கிழங்கு அல்ல. செடி பூத்து, பச்சைத் தக்காளி போலக் கோலிக்குண்டு அளவில் காய் காய்த்து, அந்தக் காயைப் பிசைந்து கழுவி எடுக்கும் விதை. கத்தரி விதையில் பாதிகூட இருக்காது. பாக்கெட்டுக்கு ஐம்பது விதை என்று அச்சிட்டிருந்தார்கள். விலை ஐந்து டாலர், அஞ்சல் செலவு தனியாக நான்கு. கனடாவுக்குள்ளேயே தனி ஆளாக விதை விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். எல்லைக்கு அப்பாலிருந்து உருளை விதை வரவழைப்பதில் சட்டச் சிக்கல் உண்டு. அந்த வம்பு வேண்டாம் என்றுதான் உள்நாட்டுக்காரரைத் தேடினேன். அவர் பெயரை இங்கே போடப் போவதில்லை. பாராட்டும் திட்டும் ஏறக்குறைய சம எடையில் வரப்போகின்றன. ஒற்றை ஆள் நடத்தும் கடைக்கு அந்தத் திட்டு தனியாகப் போய்ச் சேர்ந்தால் போதும், சேர்ந்தும் விட்டது.

பெட்டியைப் பிரித்த வாரத்தில் எழுதும் மதிப்புரை இல்லை இது. மூன்று கோடை, மூன்று குளிர்காலம் கடந்து எழுதுகிறேன். அதிலும் குளிர்காலம்தான் முக்கியம் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

நான் இருப்பது கனடாவின் எட்மன்டன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பிறந்து வளர்ந்தது மேட்டுப்பாளையம். அப்பா கிழங்கு மண்டியில் கணக்கு எழுதினார். நீலகிரியிலிருந்து லாரியில் வந்து இறங்கும் மூட்டைகளின் நடுவேதான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. அப்பா மூட்டையில் கைவிட்டு ஒரு கிழங்கை எடுப்பார், பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். தோல் வழன்று உரிந்தால், "முற்றவில்லை, ஒரு வாரம் தாங்காது" என்று ஒதுக்கிவிடுவார். தோல் அசையாமல் இருந்தால்தான் அடுத்த பேச்சு. அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத மலைப்பாதையில் வந்த கிழங்குக்கே அந்தச் சோதனை. அந்தப் பெருவிரல் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த மதிப்புரையில் நான் பயன்படுத்திய ஒரே கருவியும் அதுதான். கூடவே சமையலறைத் தராசு.

எட்மன்டனில் தோட்டம் போடுகிறவர்கள் மே மாத விக்டோரியா நாள் விடுமுறையில்தான் மண்ணில் கை வைப்பார்கள். அதற்கு முன் வைத்தால் உறைபனி வாங்கிக்கொள்ளும். செப்டம்பரில் எந்த இரவு வேண்டுமானாலும் அது திரும்பி வரும். நடுவில் நம்பி எண்ணக்கூடியது ஏறத்தாழ நூறு நாள். நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஆண்டுக்கு மூன்று முறை கிழங்கு போடுவார்கள். ஒரு போகத்தில் எடுத்த கிழங்கு இன்னொரு போகத்துக்கு விதையாகிவிடும். இங்கே ஒரே போகம். அது தவறினால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

சரி, கடையில் விதைக்கிழங்கு கிடைக்காமலா விதை வாங்கினேன்? தாராளமாகக் கிடைக்கிறது. நார்லண்ட் என்ற சிவப்புத் தோல் கிழங்கு 1957இல் வடக்கு டகோட்டாவில் வெளியானது. இந்த ஊர்க் கோடைக்கு அதைவிட நம்பிக்கையான கிழங்கு கிடையாது. ஆகஸ்ட் தொடக்கத்தில் தோண்டிவிடலாம். யூகான் கோல்ட் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கேரி ஜான்ஸ்டன் உருவாக்கியது. 1966இல் கலப்புச் செய்து, 1980இல்தான் வெளியிட்டார்கள். மஞ்சள் சதை, நல்ல ருசி. இரண்டையும் பத்து ஆண்டுகளாகப் போட்டிருக்கிறேன். ஆனால் நார்லண்டை வேகவைத்து மசித்துப் பூரிக்குக் கிழங்கு செய்து பாருங்கள். பசை போல இழுக்கும், உதிராது. உதிர்ந்து மாவாகும் கிழங்கு வேண்டும் என்றால் ரசெட் பர்பேங்க் இருக்கிறது. அதற்கு என் கோடை போதாது. ஆக எனக்கு வேண்டியது மூன்று குணம். நூறு நாளுக்குள் தோல் முற்ற வேண்டும், வெந்தால் உதிர வேண்டும், அடுத்த மே மாதம் வரை முளைக்காமல் கிடக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த ஒன்றைக் கடையில் நான் பார்க்கவில்லை. அதனால் விதை.

இந்த விதை என்ன பொருள் என்று விற்பவர்கள் யாரும் நேராகச் சொல்வதில்லை. கிழங்கை வெட்டி நட்டால் அதே வகைதான் வரும், அச்சு அசல். விதையைப் போட்டால் ஒவ்வொரு விதையும் தனி வகை. நாம் சாப்பிடும் உருளைக்கு நான்கு அடுக்குக் குரோமோசோம், மொத்தம் 48. அவை சீட்டுக் கட்டைப் போலக் கலைந்து விழுவதால் ஒரே காயில் பிறந்த இரண்டு விதைகள்கூட ஒன்றுபோல் இரா. ஐந்து டாலருக்கு நமக்குக் கிடைப்பது ஐம்பது பிள்ளைகள். அதில் எது உருப்படும் என்று பெற்றவளுக்கே தெரியாது. பெரும்பாலான நச்சுயிரி நோய்கள் விதை வழியாக வராது என்பது இதன் உண்மையான லாபம். கிழங்கு வழியாக அவை சொத்துப்போல வந்து சேரும்.

பல்கலைக்கழகங்களின் வேலை இது என்று நினைத்திருந்தேன். பாதிதான் சரி. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஆல்பர்ட் பிரெசீ என்ற விவசாயி 1861இல் கார்னெட் சிலி என்ற வகையின் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டு எர்லி ரோஸ் என்ற முந்தி விளையும் கிழங்கைக் கண்டெடுத்தார். அந்த எர்லி ரோஸ் செடியில் ஒரே ஒரு காயைப் பார்த்து, அதிலிருந்த 23 விதைகளையும் விதைத்தார் லூதர் பர்பேங்க் என்ற இளைஞர். அந்த 23இல் ஒன்றுதான் பிற்பாடு உலகத்தின் பொரித்த உருளைக் கடைகளை நிரப்பிய ரசெட் பர்பேங்கின் மூலம். அதன் உரிமையை அவர் 150 டாலருக்கு விற்றுவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போனார். ஹாலந்தில் பின்டியே என்ற கிழங்கை உண்டாக்கிய கிளாஸ் டி ஃப்ரீஸ் ஒரு பள்ளி ஆசிரியர். மாணவி ஒருத்தியின் பெயரையே அதற்கு வைத்தார். 23 விதையில் ஒரு பர்பேங்க் என்பதைப் படித்துவிட்டு 150 விதை வாங்கினேன். கணக்கு எனக்குச் சாதகம் என்று நம்பினேன். மண்டிக்காரர் மகனுக்கு அந்த அசட்டுத் துணிச்சல் கொஞ்சம் உண்டு.

விதைப்பு மார்ச் கடைசி வாரம். குழித்தட்டில் விதைத்து, நிலவறையில் விளக்கு கட்டி, அடியில் சூடு கொடுத்தேன். எட்டாம் நாள் முளை. பிறகு நடந்ததைப் பாக்கெட்டில் எங்கேயும் எழுதவில்லை. நாற்று நூல்போல நீண்டு சாய்ந்துவிடுகிறது. தக்காளி நாற்று என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன், ஒரே இரவில் பதினைந்து நாற்று அடித்தண்டு அழுகி விழுந்தன. தண்டின் கழுத்து வரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாக மாற்றி நட வேண்டும், விளக்கை ஒரு சாண் உயரத்துக்கு இறக்க வேண்டும், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சிட்டுப் பாக்கெட்டுக்குள் போட எவ்வளவு செலவாகும்? கேட்டேன். "தேடினால் எல்லாரும் தெரிந்துகொள்ளலாமே" என்று பதில் வந்தது. தேடிப் பார்க்கச் சொல்லி விதை விற்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

மூன்றாவது பாக்கெட்டை இப்போதே முடித்துவிடுகிறேன். தாய், தந்தை வகைகளின் பெயர் குறித்த கலப்பு என்று விற்றார். ஐம்பது விதைக்குப் பதிலாக முப்பத்தொன்று இருந்தது, முளைத்தவை ஒன்பது, அழுகல் போக நான்கு. எழுதிக் கேட்டதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், வாதாடவில்லை. பாராட்ட வேண்டியது.

இரண்டாவது பாக்கெட்டின் கதைதான் நீளமானது. ‘ஆண்டிஸ் மலை வண்ணக் கலவை’. படத்தில் ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று கிழங்குகள், வெட்டினால் உள்ளேயும் வண்ணம். ‘குறுகிய கோடைக்கும் நீண்ட பகலுக்கும் ஏற்றது’ என்று கீழே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். முளைப்புத் திறன் அபாரம், ஐம்பதில் நாற்பத்தாறு. தோட்டத்தில் இடுப்பளவு வளர்ந்தது. ஜூலையில் பூத்த பூக்களைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பது வயது, உக்ரேனியக் குடும்பம், நிலவறையில் கிழங்கு வைத்துக் குளிர்காலம் கடந்தவர்கள் வீட்டுப் பிள்ளை. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "தழை இவ்வளவு சந்தோஷமாக இருந்தால் கீழே ஒன்றும் இருக்காது" என்றார். எனக்கு அப்பா குரல் போலவே கேட்டது.

செப்டம்பர் ஒன்றாம் தேதி ஒரு செடியைத் தோண்டினேன். கிழங்கு இல்லை. வெள்ளை வெளேர் என்று அடித்தண்டிலிருந்து ஓடிய வேர்போன்ற தண்டுகள், ஒவ்வொன்றும் முழ நீளம். நுனியில் மிளகு அளவுக்கு ஒரு வீக்கம், சிலவற்றில் அதுவும் இல்லை. இன்னும் இரண்டு வாரம் விட்டேன். ஒரு மாலை வானிலை அறிக்கையில் உறைபனி எச்சரிக்கை. பணி முடிந்து வந்து, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு, மகள் வாளி பிடிக்க, நள்ளிரவு வரை தோண்டினோம். கோலிக்குண்டு, அதற்கும் சிறியது, பட்டாணி. விரல் பருமனுக்குக் கிழங்கு வைத்திருந்தவை பதினொரு செடிகள். விடிந்தபோது தோண்டாமல் விட்ட செடிகள் எல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்கின.

ஏன் இப்படி என்று படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்த விதையை வாங்க வேண்டாம். உருளையின் பிறந்த வீடு ஆண்டிஸ் மலை, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். அங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இரவு நீளமாக இருந்தால்தான் அந்தச் செடி கிழங்கு வைக்கும். எட்மன்டனில் ஜூன் மாதப் பகல் பதினேழு மணி நேரம். செடிக்கு அது முடிவே இல்லாத கோடை; இலை விடுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. பகல் குறுகிய பிறகுதான் கிழங்கு ஞாபகம் வரும். அந்தச் சமயத்தில் இங்கே உறைபனி வாசலில் நிற்கும். ஊட்டியில் பகலிரவு வித்தியாசம் பெரிதாக இல்லாததால் எந்தக் கிழங்கைப் போட்டாலும் அடியில் ஏதாவது இருக்கும். அப்பாவின் மண்டியில் பகல் நீளத்தைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. பேசத் தேவை இருக்கவில்லை.

2013இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதற்குக் காரணமான மரபணுவை ஐந்தாம் குரோமோசோமில் அடையாளம் கண்டு வெளியிட்டது. சிடிஎஃப்1 என்று பெயர். அது உண்டாக்கும் புரதம் இருந்தால் கிழங்கு வைக்கும் உத்தரவு இலையிலிருந்து கீழே போகும். நீண்ட பகலில், ஒளியை உணரும் வேறு புரதங்கள் இதை வாலைப் பிடித்து இழுத்து அழித்துவிடும், உத்தரவு போகாது. வடக்கே முந்திக் கிழங்கு வைக்கும் வகைகளில் இந்தப் புரதத்துக்கு அந்த வால் துண்டாகிப் போயிருக்கிறது. பிடிக்க வால் இல்லை, அதனால் பதினேழு மணி நேர வெயிலிலும் அது பிழைத்திருந்து உத்தரவு அனுப்புகிறது. குறுகிய கோடைக்குக் கிழங்கு உருவாக்குவது என்றால், பெரும்பகுதி, இந்த வாலறுந்த மரபணு எந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று தேடுவதுதான். என் வண்ணக் கலவையில் பெரும்பாலானவற்றுக்கு வால் பத்திரமாக இருந்தது.

விற்றவருக்கு நீளமாக எழுதினேன், கறுத்த செடிகளின் படத்தோடு. பதில் மரியாதையாகத்தான் வந்தது. தன் தோட்டத்தில் அதே கலவை நன்றாக விளைகிறது என்றார். தோட்டம் எங்கே என்று கேட்டேன். பசிபிக் கடற்கரை ஓரம். உறைபனி? நவம்பரில் வரும் என்றார். எழுதினது பொய் இல்லை; அவருக்கு நவம்பர் வரை காத்திருப்பது குறுகிய கோடை. எனக்கு அது இரண்டு கோடை. இந்த ஒரு பாக்கெட்டால் ஒன்று கற்றுக்கொண்டேன்: ‘குறுகிய கோடை’ என்று எழுதியிருந்தால், எந்த ஊரில், எந்தத் தேதியில் தோண்டினீர்கள் என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. அவர் இப்போது விளம்பரத்தில் அந்த வரியை மாற்றி, தோண்டிய மாதத்தையும் சேர்த்திருக்கிறார். அதையும் சொல்வதுதான் நியாயம்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தப் பதினொரு செடிகளின் விரல் கிழங்குகளைத் தோலோடு வேகவைத்து உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிட்டோம். முட்டை மஞ்சள்கரு போலச் சதை, கொஞ்சம் கஷ்கொட்டை வாசம். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான உருளை தின்றதில்லை. மிச்சத்தைக் காகிதப் பையில் போட்டுக் குளிர் அறையில் வைத்தேன். நவம்பர் நடுவில் திறந்தால் பைக்குள்ளேயே முளைவிட்டு ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. இந்த ஆண்டிஸ் வகைகள் பலவற்றுக்கு உறக்கமே கிடையாது. தோண்டிய கையோடு அடுத்த போகத்துக்குத் தயார். ஆண்டுக்கு மூன்று போகம் உள்ள ஊரில் அது வரம். எட்டு மாதம் பனி கிடக்கும் ஊரில் அதை வைத்து என்ன செய்வது?

அங்கேதான் எனக்கு முழுக் கணக்கும் பிடிபட்டது. விதை விற்பவர்கள் ‘எத்தனை நாளில் விளையும்’ என்று மட்டும் பேசுகிறார்கள். கோடை நூறு நாள் என்றால் குளிர் அறை இருநூற்று அறுபத்தைந்து நாள். செப்டம்பரில் எடுத்த கிழங்கு மே மாதம் வரை சுருங்காமல், முளைக்காமல் கிடந்தால்தான் அடுத்த ஆண்டுக்கு விதைக்கிழங்கு உண்டு. முந்தி விளையும் குணமும் நீண்டு தூங்கும் குணமும் ஒரே செடியில் சேர்ந்து வருவது, நான் பார்த்த அளவில், அரிது. இனி முதல் பாக்கெட்டுக்கு வருகிறேன். அதில்தான் இந்தச் சோதனை நடந்தது.

‘முந்தும் கலப்பு’ என்பது அதன் பெயர். முந்தி விளையும் வகைகளின் நடுவே தானாக மகரந்தம் சேர்ந்து காய்த்த விதை. எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்துநான்கு; நான்கு கூடுதல். முளைத்தவை நாற்பத்து மூன்று, தோட்டத்துக்குப் போனவை முப்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி, குச்சியில் எண். நட்டு ஒரு முறை மண் அணைத்ததோடு சரி. தொண்ணூற்று ஐந்தாம் நாள், இலை பச்சையாக இருந்தாலும் சரி, பழுத்திருந்தாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் தோண்டினேன். மனைவிக்கு அது கொடுமையாகப் பட்டது. "இன்னும் பத்து நாள் விட்டால் பெருக்குமே" என்றாள். பத்து நாள் விட்டால் பத்து நாள் கேட்கும் செடியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். இந்த வேலையில் இரக்கத்துக்கு இடம் கொடுத்தால் உறைபனி வந்து தேர்வை நடத்திவிடும்.

நான்கு செத்திருந்தன. ஆறில் கோலிக்குண்டைத் தாண்டி ஒன்றும் இல்லை. பத்தொன்பது சுமார். ஒன்பது செடிகள் கையில் எடுத்ததும் மனசு நிறைந்த ரகம். பெருவிரலால் தேய்த்தேன், தோல் அசையவில்லை. அந்த ஒன்பதையும் ஒவ்வொரு துண்டு வேகவைத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கசந்தன. கசந்ததைத் துப்பிவிட்டு அந்தச் செடியின் கிழங்கு மொத்தத்தையும் குப்பைக்கு அனுப்பினேன்.

இந்தக் கசப்பு விஷயத்தைப் பாக்கெட்டில் எழுதாதது என் பெரிய குறை. விதையிலிருந்து வரும் புதுச் செடியில் சோலனின் போன்ற நச்சு எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. நிபுணர்களுக்கே தவறியிருக்கிறது. அமெரிக்காவில் 1967இல் லெனாபே என்று ஒரு வகை வெளியிட்டார்கள். வறுவலுக்கு அற்புதம் என்று கொண்டாடினார்கள். நச்சு அளவு அதிகம் என்று தெரிந்து 1970இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அப்படி இருக்கும்போது வீட்டுத் தோட்டக்காரன் ஒருவன் புது நாற்றின் கிழங்கை ஒரு சட்டி நிறைய வேகவைத்து பிள்ளைகளுக்குப் போடக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டாமா? அந்தப் பச்சைக் காயும் நஞ்சு. தக்காளி மாதிரி இருப்பதால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

மீதி ஏழு எண்களையும் தனித்தனிப் பையில், நான்கு டிகிரி குளிரில் வைத்தேன். மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். ஜனவரியில் மூன்று முளைவிட்டன. மார்ச்சில் இரண்டு கிழவி கன்னம்போலச் சுருங்கின. மே மாதம் நடும் நாள் வரை கெட்டியாகக் கிடந்தவை இரண்டே எண்கள்: 17, 31. ஐம்பத்துநான்கு விதையில் இரண்டு. ஐந்து டாலருக்கு மோசமில்லை என்று நானும், இவ்வளவு பாட்டுக்கு இரண்டுதானா என்று மனைவியும் நினைத்தோம்.

இரண்டாம் ஆண்டு 31 சொறி பிடித்துப் போனது. எங்கள் மண் கொஞ்சம் சுண்ணாம்புத்தன்மை உடையது, சொறிக்கு ஏற்றது. கிழங்கின் மேல் தேமல்போலப் படர்ந்துவிட்டது. 17 தப்பித்தது. மூன்றாம் ஆண்டு 17இல் பத்துச் செடி, அடுத்த வரிசையில் நார்லண்ட் பத்துச் செடி, ஒரே நாளில் நட்டேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நார்லண்ட் தயார். 17க்கு ஆகஸ்ட் கடைசி வரை ஆயிற்று, இருபது நாள் பின்தங்கல். செடிக்குச் சராசரியாக நார்லண்ட் ஒரு கிலோ நூறு, 17 தொள்ளாயிரம் கிராம். விளைச்சலில் தோற்றது. ஆனால் வேகவைத்தால் விரிசல் விட்டு மாவாக உதிர்கிறது. பூரிக்குச் செய்த கிழங்கில் கரண்டி நின்றது. மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். போன மார்ச் கடைசி வரை முளைக்கவில்லை.

குறை இல்லாமலா? கண்கள் ஆழம். அம்மைத் தழும்பு முகம்போல அவ்வளவு குழிகள். "இதைத் தோல் சீவி முடிப்பதற்குள் பூரி ஆறிவிடும்" என்றாள் மனைவி. தோலோடு வேகவைத்து உரிக்கலாமே என்றேன். யார் உரிப்பது என்ற கேள்வி வந்தது. இப்போது நான்தான் உரிக்கிறேன். இன்னொன்று, முந்தி விளையும் வகைகளுக்கு இலைக்கருகல் நோயைத் தாங்கும் சக்தி பொதுவாகக் குறைவு. 17ஐ அந்த நோய் இன்னும் சோதிக்கவில்லை. ஈரமான ஒரு கோடை வந்தால் நான் மொத்தத்தையும் இழக்கலாம். அதற்காகவே பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஐந்து கிழங்கு கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் அதை வெந்தயக் கீரை போல இருக்கும் ஒரு தழையும் கடைந்த பாலேடும் போட்டுச் சமைத்துக்கொண்டுவந்து கொடுத்தார். உதிர்ந்து குழம்பாகிவிட்டது, அந்தச் சமையலுக்கு நார்லண்ட்தான் சரி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஒரு சின்ன விலகல். எம்.எஸ். சுவாமிநாதன் என்றால் நமக்கு நெல்லும் கோதுமையும்தான். அவர் கேம்பிரிட்ஜில் 1952இல் முனைவர் பட்டம் வாங்கியது உருளைக்கிழங்கு இனங்களைப் பற்றி. அடுத்து அமெரிக்காவின் விஸ்கான்சினில், உறைபனியைத் தாங்கும் சோலானம் அகாலே என்ற காட்டு உருளையின் குணத்தை வீட்டு உருளைக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தார். அந்த வழியில் வந்த ஒரு வகைக்கு அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ் என்று பெயர். கும்பகோணத்தில் பிறந்தவர் அலாஸ்காவின் கிழங்குக்குப் பங்களித்திருக்கிறார். இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோல் முற்றுமா அது?" என்று கேட்டார்.

யாருக்கு இந்தப் பாக்கெட்? கிழங்கு வேண்டும் என்பவர்களுக்கு அல்ல. அவர்கள் மே மாதம் எந்தத் தோட்டக்கடைக்கும் போய் நார்லண்ட் விதைக்கிழங்கு ஒரு பை வாங்கி நட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நிலவறையில் விளக்கு கட்ட இடம், எண் எழுதப் பொறுமை, முப்பத்தாறு செடியைப் பிடுங்கி எறியும் கல்மனம், குளிர் அறை இவை உள்ளவர்களுக்கு ‘முந்தும் கலப்பு’ ஐந்து டாலருக்கு மிக மலிவு. அதற்கு நான்கு நட்சத்திரம். அறிவுரைக் காகிதம் வைத்திருந்தால் ஐந்து. வண்ணக் கலவைக்கு, கடற்கரைவாசிகளுக்கு மூன்று, எங்களுக்கு ஒன்று. அந்த ஒன்றும் பதினொரு செடிகளின் ருசிக்காக. பெயர் குறித்த கலப்பை இன்னொரு முறை வாங்க மாட்டேன்.

தொழில்முறையாகச் செய்கிறவர்களுக்கே ஒரு வகை வெளிவரப் பத்து, பன்னிரண்டு ஆண்டு ஆகிறது, ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் கழித்த பிறகு. என் 17க்கு இப்போதுதான் மூன்று வயது. போன கோடையில் அதில் இரண்டு காய் பிடித்தது. பிசைந்து கழுவிக் காயவைத்து எண்ணினால் நூற்று அறுபத்து மூன்று விதை. கண் ஆழமில்லாத பிள்ளை ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கின் கீழ் அறுபது நாற்றுக்குத்தான் இடம் இருக்கிறது. இன்னொரு தட்டு வாங்க அனுமதி கேட்டிருக்கிறேன், வீட்டில் பதில் நிலுவையில் உள்ளது.

வாங்க நினைப்பவர்கள் ஜனவரிக்குள் வாங்கிவிடுங்கள். பிப்ரவரி பிறந்தால் முந்தும் கலப்பு தீர்ந்துவிடுகிறது, வண்ணக் கலவை மட்டும் மிச்சம் இருக்கும்.